முதல் மாதம் சிரிக்கவே கூடாதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. எட்டாம் வகுப்புக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், இரண்டு மாதம் ஆகிறது. "முதல் மாசம் சிரிச்சுடாதீங்க, அப்புறம் தலைமேல ஏறி உட்கார்ந்துக்குவாங்க" என்று ஸ்டாஃப் ரூமில் சொன்னார்கள். உங்களுக்கு மனசு ஒப்பவில்லை, பிள்ளைகளோடு நட்பாகவே பழகினீர்கள். இப்போது நீங்கள் பேசும்போதே அவர்களும் பேசுகிறார்கள், சத்தம் அடங்கவே பத்து நிமிடம் போய்விடுகிறது, போன வாரம் ஒரு பையன் எல்லார் முன்னாலும் எதிர்த்துப் பேசிவிட்டான். நட்பாக இருந்தது தப்பா, இனிமேல் கண்டிப்பாக மாறினால் எடுபடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நட்பாக இருந்தது தப்பில்லை. கண்டிப்பாக இருப்பதும் தப்பில்லை. இரண்டும் தராசின் இரண்டு தட்டு மாதிரி, ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே ஆகவேண்டும் என்று நினைக்கிறோமே, அங்கேதான் வழி தவறுகிறது. நான் பார்த்தவரை பிள்ளைகள் உயிரை விட்டு மதிக்கும் ஆசிரியர்கள் இரண்டிலுமே கொஞ்சம் அதிகமாகத்தான் இருப்பார்கள். சிரிப்பார்கள், விசாரிப்பார்கள், ஆனால் "நாளைக்கு நோட்டு வேணும்" என்றால் நாளைக்கு நோட்டு இருந்தாக வேண்டும்.

இது இன்று நேற்று கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1939-இல் குர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் என்ற மூன்று ஆய்வாளர்கள் பத்து வயதை ஒட்டிய பையன்களைச் சின்னக் குழுக்களாகப் பிரித்து, முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு தலைவர் எல்லாவற்றையும் தானே முடிவுசெய்து உத்தரவு போடுவார். இன்னொருவர் பையன்களோடு பேசி முடிவெடுப்பார், கூடவே நின்று வழியும் காட்டுவார். மூன்றாமவர் "உங்க இஷ்டம்" என்று ஒதுங்கிக்கொள்வார். உத்தரவு போட்ட குழுவில் தலைவர் அறைக்குள் இருக்கும்வரை வேலை நடந்தது, அவர் வெளியே போனதும் படுத்துவிட்டது. பேசி முடிவெடுத்த குழுவில் அவர் போன பிறகும் கைகள் ஓடிக்கொண்டிருந்தன. இஷ்டத்துக்கு விட்ட குழுவில் வேலை எதுவும் உருப்படியாக நடக்கவில்லை. உங்கள் வகுப்பை நான் நேரில் பார்க்கவில்லை, ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், இரண்டாமவராக இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டு மூன்றாமவராக நின்றுவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. புதிதாக வருகிறவர்களில் நிறையப் பேருக்கு இது நடக்கும். அதற்கு மருந்து முதலாமவராக மாறுவது இல்லை.

சரி, அப்படியானால் மரியாதை எங்கிருந்துதான் வருகிறது? என் அனுபவத்தில் ஒரே இடத்திலிருந்துதான். வகுப்பில் ஒருவன் தப்பு செய்துவிட்டு அல்லது தோற்றுப்போய் நிற்கும்போது நீங்கள் அவனை எப்படி நடத்துகிறீர்கள் என்பதை மற்ற முப்பத்தைந்து பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நல்லாப் படிக்கிற பிள்ளையிடம் நீங்கள் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. நாளைக்கு நான் அந்த இடத்தில் நின்றால் எனக்கு என்ன நடக்கும் என்பதுதான் ஒவ்வொரு பிள்ளையின் மனதிலும் ஓடும் கணக்கு.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் நல்ல விதம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஒரு பையன் மூன்றாவது நாளாக ஹோம்வொர்க் எழுதாமல் வந்தான். எனக்குக் கோபம். அவன் நோட்டை வாங்கி, வகுப்பைப் பார்த்துத் தூக்கிப் பிடித்து, வெற்றுப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டினேன். வகுப்பே சிரித்தது. அவன் மட்டும் டெஸ்க்கின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றான். மறுநாள் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டு வந்தான், எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. அந்த வகுப்பில் யாரும் சந்தேகம் கேட்பதே இல்லை. முன்னெல்லாம் ஒரு பெண் பாடம் நடக்கும்போதே நாலு தடவையாவது கை தூக்குவாள். இப்போது பெல் அடித்த பிறகு மேசையருகே வந்து, நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மெதுவான குரலில் கேட்கிறாள். "இதை கிளாஸ்லயே கேட்டிருக்கலாமேம்மா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "தப்பா இருந்தா எல்லார்கிட்டயும் காட்டிடுவீங்களோன்னு நினைச்சேன் மிஸ்" என்றாள். அவளை நான் ஒருநாளும் திட்டியதில்லை. ஒரு கடுஞ்சொல்கூடச் சொன்னதில்லை. நான் அவமானப்படுத்தியது ஒரு பையனை, வாயடைத்துப்போனது ஒரு வகுப்பு.

ஜேக்கப் கவுனின் என்ற அமெரிக்க உளவியலாளர் இதையேதான் பல வருடம் ஆராய்ந்தார். ஒரு மாணவனை ஆசிரியர் கண்டிக்கும்போது பக்கத்தில் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. குளத்தில் கல் எறிந்தால் அலை பரவுகிற மாதிரி அது வகுப்பு முழுக்கப் பரவுவதைப் பார்த்தார். மழலையர் வகுப்புகளில் அவர் கவனித்தது: எதைச் செய்யக்கூடாது, அதற்குப் பதில் எதைச் செய்யவேண்டும் என்று தெளிவாகச் சொன்னால் பார்த்தவர்களும் ஒழுங்கானார்கள். முரட்டுத்தனமாகக் கண்டித்தால் பார்த்தவர்கள் கலங்கினார்கள், கவனம் சிதறியது, ஒழுங்கு மட்டும் கூடவில்லை. பிறகு வகுப்பறைகளை வீடியோ எடுத்து அலசி 1970-இல் அவர் வெளியிட்ட முடிவு இன்னும் முக்கியம். நன்றாக வகுப்பு நடத்துகிறவர்களுக்கும் திணறுகிறவர்களுக்கும், குழப்பம் வந்த பிறகு அதை அடக்கும் விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் முழுக்க அதற்கு முன்னால் இருந்தது. போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதும் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்திருப்பது, ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குத் தொங்கல் இல்லாமல் வகுப்பை நகர்த்துவது, இந்த மாதிரி விஷயங்களில்.

அதனால் "சத்தத்தை எப்படி அடக்குவது" என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, பீரியட் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். நீங்கள் உள்ளே வந்து, பையை வைத்து, பதிவேட்டைத் தேடி, போர்டைத் துடைத்து, தேதி போட்டு முடிக்கும்வரை பிள்ளைகளுக்கு என்ன வேலை? ஒன்றும் இல்லை. முப்பத்தைந்து பிள்ளைகளைச் சும்மா உட்காரவைத்தால் பேசத்தான் செய்வார்கள், அதில் அவமரியாதை எதுவும் கிடையாது. தினமும் ஒரே இடத்தில், போர்டின் ஒரு மூலையில், ஐந்து நிமிடத்தில் முடிகிற ஒரு சின்ன வேலை எழுதியிருக்கட்டும். உள்ளே வந்ததும் அதைத் தொடங்கவேண்டும் என்பது பழக்கமாக இரண்டு வாரம் ஆகும். முதல் வாரம் தினமும் நினைவுபடுத்தவேண்டி வரும், விட்டுவிடாதீர்கள்.

அந்த ஐந்து நிமிடம் உங்களுக்கு மிச்சமாகிறது இல்லையா, அதை வாசலில் செலவழியுங்கள். கதவருகே நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி உள்ளே அனுப்புங்கள். பார்க்க அற்பமான காரியம். ஆனால் 2018-இல் கிளேட்டன் குக் என்பவரும் அவருடைய குழுவினரும் பத்து நடுநிலைப் பள்ளி வகுப்பறைகளில் இதைச் செய்துபார்த்து அளந்தார்கள். பெயர் சொல்லி வரவேற்பது, இன்றைக்கு என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு வரி சொல்வது, நேற்று சிரமப்பட்ட பிள்ளையிடம் ஒரு நல்ல வார்த்தை, அவ்வளவுதான். பாடத்தில் பிள்ளைகள் ஈடுபட்டிருந்த நேரம் 20 சதவீதப் புள்ளிகள் கூடியது, இடையூறு 9 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. நான் இதைத் தொடங்கியபோது இந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குக் கிடைத்த லாபம் வேறு. யார் முகம் வாடியிருக்கிறது, யார் யாரோடு சண்டை போட்டுவிட்டு வருகிறார்கள், யார் இன்று தூங்கவே இல்லை என்பதெல்லாம் வாசலிலேயே தெரிந்துவிடும். உள்ளே போய் அவனிடம் "ஏன்டா தூங்கற" என்று கத்தி, பிறகு காரணம் தெரிந்து குறுகிப்போகும் நிலைமை வராது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாப் பெயரும் முதல் பத்து நாளில் தெரிந்தாக வேண்டும், அதுவும் சரியான உச்சரிப்பில். பிள்ளையிடமே கேளுங்கள், "நான் சொல்றது சரியா?" என்று. பட்டப்பெயரை நீங்கள் ஒருநாளும் சொல்லாதீர்கள், அந்தப் பிள்ளையே சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டாலும். எல்லார் முன்னாலும் சிரிப்பதைத் தவிர அதற்கு வேறு வழி இருக்காது. "ஏய் கடைசி பெஞ்ச்", "அந்த மூணு பேர்" என்று கூப்பிடுவதும் இதே கணக்குத்தான்.

அடுத்து, கண்டிக்கும் விதம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பிரச்சினையின் மையம் இங்கேதான் இருக்கிறது.

பாடம் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள், நாலாவது வரிசையில் ஒருவன் பக்கத்துப் பையனிடம் பேசுகிறான். நாம் வழக்கமாகச் செய்வது, நின்ற இடத்திலிருந்தே அவன் பெயரைச் சத்தமாகச் சொல்வது. முப்பத்தைந்து தலையும் அவன் பக்கம் திரும்பும். அவனுக்கு இப்போது பார்வையாளர்கள் கிடைத்துவிட்டார்கள். பணிந்துபோனால் நண்பர்கள் முன்னால் சின்னவனாகிவிடுவான், எதிர்த்துப் பேசினால் பெரியவனாகிவிடுவான். பதிமூன்று வயதில் எதைத் தேர்ந்தெடுப்பான்? அவனை அந்த மேடையில் ஏற்றியது நாம்தான்.

அதற்குப் பதில், பேசுவதை நிறுத்தாமல் அவன் பக்கம் நடந்து போங்கள். பாதி நேரம் நீங்கள் போய் நிற்பதே போதும். பேச்சு நிற்கவில்லை என்றால் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும் குரலில், "மூணாவது கணக்கு, ஆரம்பி" என்று சொல்லிவிட்டு உடனே நகர்ந்துவிடுங்கள். நகர்வது முக்கியம். அங்கேயே நின்று முறைத்துக்கொண்டிருந்தால் அது மல்லுக்கு நிற்பது. நகர்ந்துவிட்டால் அவன் தன் மானத்தோடு நோட்டைத் திறக்க ஒரு பத்து வினாடி கிடைக்கும். அந்தப் பத்து வினாடியை நான் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன், பெரும்பாலும் வீண்போகவில்லை.

வார்த்தையிலும் ஒரு கவனம் வேண்டும். "ஏன் இப்படிப் பண்ற?" என்பது கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் அதற்குப் பதில் கிடையாது. அந்த வயதுப் பிள்ளைக்குப் பல நேரம் ஏன் என்று உண்மையிலேயே தெரியாது. "நீ எப்பவுமே இப்படித்தான்" என்றால் கதவைச் சாத்திவிட்டீர்கள். செய்த காரியத்தை மட்டும் சொல்லுங்கள், ஆளைச் சொல்லாதீர்கள். "சோம்பேறி" வேண்டாம், "இன்னும் ரெண்டு கணக்கு பாக்கி இருக்கு" போதும். அண்ணன், அக்கா, பக்கத்து வகுப்பு என்று யாரோடும் ஒப்பிட வேண்டாம். பெற்றோரை இழுக்கவே வேண்டாம். "உங்க வீட்ல இதான் சொல்லிக்கொடுத்தாங்களா" என்ற ஒரு வாக்கியம் ஒரு வருடத்து உறவை முறித்துப் போட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கை ஓங்குவதைப் பற்றி நான் தனியாகச் சொல்லவேண்டியதில்லை என்று நம்புகிறேன். 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையே, பள்ளி ஒழுக்கம் என்பது குழந்தையின் மனித கண்ணியத்துக்கு ஏற்ற முறையில்தான் இருக்கவேண்டும் என்று 28-ஆம் பிரிவில் சொல்லிவிட்டது.

இவ்வளவு மென்மையாக இருந்தால் பயம் போய்விடாதா என்று கேட்பீர்கள். மென்மை குரலில் மட்டும்தான், முடிவில் கிடையாது. அமைதியான குரலில் சொன்ன விதி நடந்தே தீரும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டால் நீங்கள் கத்தவேண்டிய அவசியமே வராது. செய்யமுடியாத மிரட்டலைச் சொல்லாதீர்கள். "இனிமே ஒரு சத்தம் வந்தா இந்த வருஷம் முழுக்க விளையாட்டு பீரியடே கிடையாது" என்று சொல்லி, நாலு நாளில் விளையாட விட்டீர்கள் என்றால் அதற்குப் பிறகு உங்கள் சொல்லுக்கு மதிப்பு எங்கிருந்து வரும்? சின்னதாகச் சொல்லுங்கள், சொன்னதைச் செய்யுங்கள், எல்லாருக்கும் செய்யுங்கள். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று பிள்ளைகளுக்குத் தோன்றிவிட்டால் அதோடு முடிந்தது, அதைச் சரிசெய்வது ரொம்பக் கஷ்டம்.

பாரபட்சம் நமக்கே தெரியாமல் நுழையும் இடம் ஒன்று இருக்கிறது. மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு, ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று அளந்தார். சராசரியாக ஒரு வினாடிதான். அதிலும் நன்றாகப் படிப்பவர்கள் என்று தாங்கள் கருதிய பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இரண்டு வினாடி கொடுத்த ஆசிரியர்கள், பின்தங்கியவர்கள் என்று கருதியவர்களுக்கு ஒரு வினாடிகூடக் கொடுக்கவில்லை. யாருக்கு அதிக நேரம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைத்தது. காத்திருப்பதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீளமாயின, "தெரியாது" என்பது குறைந்தது, அதுவரை வாய் திறக்காதவர்களும் பேசத் தொடங்கினார்கள். நாளைக்கே செய்துபாருங்கள், கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். நமக்கு அந்த அமைதி தாங்கமுடியாத அளவுக்கு நீளமாகத் தெரியும், ஆனால் அந்தப் பிள்ளைக்கு அதுதான் "நீ சொல்வாய் என்று நான் நினைக்கிறேன்" என்ற செய்தி.

விடைத்தாள் திருத்தும்போதும் இதே கதைதான். 2014-இல் டேவிட் யேகரும் ஜெஃப்ரி கோஹனும் இன்னும் சிலரும் சேர்ந்து வெளியிட்ட ஒரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளை ஆசிரியர்கள் வழக்கம்போலத் திருத்தினார்கள். பாதிப் பேருக்கு ஒரு சாதாரணக் குறிப்பு இணைக்கப்பட்டது. மீதிப் பாதிக்கு, உன்னிடம் நான் நிறைய எதிர்பார்க்கிறேன், உன்னால் அதை எட்டமுடியும் என்று தெரிந்ததால்தான் இவ்வளவு திருத்தியிருக்கிறேன் என்ற பொருளில் ஒரு குறிப்பு. கறுப்பின மாணவர்களில், சாதாரணக் குறிப்பு கிடைத்தவர்கள் 17 சதவீதம்தான் கட்டுரையைத் திரும்ப எழுதித் தந்தார்கள். இரண்டாவது குறிப்பு கிடைத்தவர்களில் 72 சதவீதம். தன்னை மதிப்பார்களா என்ற சந்தேகத்தோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரியது என்று பாருங்கள். ஒன்றைக் கவனியுங்கள், அந்த ஆசிரியர்கள் திருத்தத்தைக் குறைக்கவில்லை, மதிப்பெண்ணையும் அள்ளிக் கொடுக்கவில்லை. கறாராகத்தான் திருத்தினார்கள். மேலே நான் சொன்னேனே, இரண்டிலும் அதிகம் என்று, அது இதுதான்.

இப்போது நீங்கள் தவறு செய்துவிட்டால் என்ன செய்வது? மன்னிப்புக் கேளுங்கள். தவறு எல்லார் முன்னால் நடந்திருந்தால் மன்னிப்பும் எல்லார் முன்னால்தான். ஒருமுறை ஒரு பெண் பார்த்து எழுதினாள் என்று நினைத்து அவள் தாளை வாங்கி வைத்துவிட்டேன், பிறகு இரண்டு தாளையும் வைத்துப் பார்த்தபோது பார்த்து எழுதியது அவள் இல்லை என்று தெரிந்தது. மறுநாள் காலை பதிவேட்டைத் திறப்பதற்கு முன்னால் எழுந்து நின்று, "நேத்து உன்மேல தப்பா பழி போட்டுட்டேன். நான் விசாரிச்சிருக்கணும், விசாரிக்கல. மன்னிச்சுக்கோம்மா" என்றேன். "ஆனா நீயும் பக்கத்துல பார்த்த மாதிரி இருந்தது" என்று வால் ஒட்டாதீர்கள், ஒட்டினால் அது மன்னிப்பே இல்லை. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அன்று மதியம் வேறு ஒரு பையன், தான்தான் ஜன்னல் கண்ணாடியை உடைத்ததாக அவனாகவே வந்து சொன்னான். இரண்டுக்கும் சம்பந்தம் இருந்ததா என்று நான் அவனிடம் கேட்கவில்லை.

பிள்ளைகள் ஒருவரையொருவர் நடத்தும் விதமும் உங்கள் பொறுப்புத்தான். தப்பான பதிலுக்கு யாராவது சிரித்தால் அந்த இடத்திலேயே பாடத்தை நிறுத்துங்கள், நீண்ட பிரசங்கம் வேண்டாம், "இங்க தப்பான பதிலுக்கு யாரும் சிரிக்கமாட்டோம்" என்று ஒரே வரி, பிறகு பதில் சொன்ன பிள்ளையிடமே திரும்பிப் போய் "எப்படி யோசிச்சே, சொல்லு" என்று கேளுங்கள். குழு வேலை கொடுக்கும்போது ஒவ்வொருவர் கையிலும் மற்றவர்களுக்குத் தேவையான ஒரு துண்டு இருக்கும்படி பிரித்துக் கொடுங்கள். 1971-இல் டெக்சாஸின் ஆஸ்டினில், அதுவரை தனித்தனியாகப் படித்த வெவ்வேறு இனப் பிள்ளைகள் ஒரே பள்ளியில் சேர்க்கப்பட்டு மோதல் வெடித்தபோது, எலியட் அரோன்சன் என்ற உளவியலாளர் தன் மாணவர்களோடு சேர்ந்து செய்தது அதுதான். பாடத்தைத் துண்டுகளாக்கி, ஆளுக்கு ஒரு துண்டைக் கொடுத்து, அவரவர் துண்டை மற்றவர்களுக்குச் சொல்லித்தரவைத்தார்கள். திக்கித் திக்கிப் பேசுகிற பிள்ளையைக் கேலி செய்தால் அந்தத் துண்டு நமக்குக் கிடைக்காது என்று தெரிந்ததும் கேலி நின்று, கேள்வி கேட்டு உதவத் தொடங்கினார்கள்.

நட்புக்கு எல்லை உண்டா என்றால், உண்டு. அவர்களுடைய நண்பர் வட்டத்தில் ஓர் ஆளாக ஆகாதீர்கள், அவர்களுக்கு வேண்டியது ஒரு பெரியவர். இரவில் போனில் அரட்டை வேண்டாம், மற்ற ஆசிரியர்களைப் பற்றி அவர்களோடு சேர்ந்து குறை பேசுவது வேண்டவே வேண்டாம். ஒரு பிள்ளை தனியாக வந்து "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்றால் சத்தியம் பண்ணாதீர்கள். "உனக்கு ஆபத்துன்னா நான் உதவி தேடித்தான் ஆகணும், மத்தபடி என்கிட்டயே இருக்கும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சரி, இரண்டு மாதம் போய்விட்டது, இனி எப்படி மாற்றுவது? திடீரென்று ஒரு திங்கட்கிழமை முகத்தை இறுக்கிக்கொண்டு போனால் எடுபடாது, நடிப்பு என்று ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். "ரெண்டு மாசமா நம்ம கிளாஸ் போற விதம் எனக்குச் சரியாப் படல. அதுல என் பங்கும் இருக்கு, என்ன எதிர்பார்க்கறேன்னு நான் தெளிவாச் சொல்லல. இன்னையிலேர்ந்து மூணு விஷயம் மாறப்போகுது." மூன்றுக்கு மேல் வேண்டாம். அந்த மூன்றில் ஒன்றாவது அவர்கள் கேட்டதாக இருக்கட்டும். ஒரு துண்டுச் சீட்டில், பெயர் போடாமல், "இந்த வகுப்பில் எது நடந்தால் உனக்குப் படிக்கச் சுலபமாக இருக்கும்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நிறையச் சீட்டுகளில் "சத்தம் குறையணும்" என்றே எழுதியிருக்கும், நான் கேட்ட ஒவ்வொரு முறையும் அப்படித்தான் வந்தது. அதை வகுப்பில் படித்துக் காட்டினால் அமைதி வேண்டும் என்பது உங்கள் ஆசை மட்டும் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

கடைசியாக அந்தப் பையன். எதிர்த்துப் பேசியவன். அதற்கு மறுநாள் அவனை எப்படி நடத்தினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகத் தெரிகிறது, ஏனென்றால் சண்டைக்கு மறுநாள் காலை ஆசிரியர் முகம் எப்படி இருக்கிறது என்பதை அவன் மட்டும் பார்ப்பதில்லை. விதிப்படி அவனுக்கு என்ன தண்டனையோ அது இருக்கட்டும், ஆனால் அது முடிந்ததும் முடிந்துவிட வேண்டும், கறுவிக்கொண்டு திரியக்கூடாது. 2016-இல் ஜேசன் ஒகோனோஃபுவா என்பவரின் குழு கலிஃபோர்னியாவில் ஐந்து நடுநிலைப் பள்ளிகளில், 31 கணித ஆசிரியர்களோடு ஒரு பரிசோதனை செய்தது. பிள்ளைகள் ஏன் முரண்டு பிடிக்கிறார்கள், அந்த நேரத்திலும் உறவைக் காப்பாற்றுவது எப்படி என்பதைப் பற்றிப் படித்து, தங்கள் அனுபவத்தை எழுதும் ஒரு சின்னப் பயிற்சி, அவ்வளவுதான். அந்தப் பயிற்சியைச் செய்த ஆசிரியர்களிடம் படித்த மாணவர்களில் அந்த வருடம் இடைநீக்கம் ஆனவர்கள் 4.8 சதவீதம், மற்றவர்களிடம் படித்தவர்களில் 9.6 சதவீதம்.

அவனைத் தனியாகக் கூப்பிட்டு நீண்ட அறிவுரை சொல்லாதீர்கள். அதற்குப் பதிலாக, பத்து நாள், தினமும் இரண்டு நிமிடம், பாடத்தையும் ஒழுக்கத்தையும் தவிர வேறு எதைப் பற்றியாவது அவனோடு பேசுங்கள். முதல் சில நாள் "ம்", "தெரியல" என்பதற்கு மேல் எதுவும் வராது, பரவாயில்லை, மறுநாளும் பேசுங்கள். என்னிடம் இருந்த ஒருவன், மூன்று மாதம் என் முகத்தையே பார்க்காதவன், நோட்டின் கடைசிப் பக்கத்தில் எப்போதும் ஏதாவது பெரிய இயந்திரமாக வரைந்துகொண்டே இருப்பான். தினமும் அதைப் பற்றித்தான் இரண்டு வார்த்தை பேசினேன். ஆறாவது நாள், "இன்னைக்கு கிரேன் நல்லா வந்திருக்கே" என்றேன். பென்சிலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். "இது கிரேன் இல்ல மிஸ், எக்ஸ்கவேட்டர்" என்றான். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். நோட்டை என் பக்கம் திருப்பி வைத்து, பெல் அடித்த பிறகும் விளக்கிக்கொண்டிருந்தான்.